மஞ்ச கொத்து ரோஜா, வாசத்தோட – நம்ம திருநெல்வேலி வெயில்ல சின்ன எடத்துல வருமா?

கோமதி, பெருமாள்புரம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல காம்பவுண்டு சுவருக்கும் வாசப்படிக்கும் நடுவுல நாலடி அகலத்துல ஒரு துண்டு எடம் கெடக்கு, அத விட்டா மொட்டமாடிதான். அதுல ஒரு மஞ்ச ரோஜா வைக்கணும்னு ஆசை, ஒத்தப்பூ இல்ல, கொத்து கொத்தா பூக்குமே ஃப்ளோரிபண்டான்னு சொல்லுதாவல்லா, அந்த சாதி. வாசம் கண்டிப்பா இருக்கணும். நர்சரில கேட்டா "மஞ்சள்ல வாசமெல்லாம் வராதும்மா, பன்னீர் ரோஜா வச்சிக்கோங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருதாவ. இதுக்கு முன்னால ஒரு மஞ்ச ஒட்டுச்செடி வாங்குனோம், காலைல விரிஞ்சா மதியத்துக்குள்ள வெளுத்துப் போயிரும், இலை ஓரமெல்லாம் கருகிட்டே வந்துச்சு, பொறவு செடியே போயிட்டு. வெயில் மேக்க இருந்து சாயங்காலம் வரைக்கும் அடிக்கும், தண்ணி போர் தண்ணிதான். நம்ம ஊருக்கு இது சரிப்பட்டு வருமா? வச்சிருக்கவங்க சொல்லுங்க.

கரிசல்காட்டான், சங்கரன்கோவில்:

அக்கா, நர்சரிக்காரர் சொன்னதுல முக்கால்வாசி உண்மை. எங்க ஊர் பூ மார்க்கெட்டுக்கு மாலை கட்ட வர மஞ்ச பட்டன் ரோஜாவ மோந்து பாருங்க, ஒண்ணுமே இருக்காது, பச்ச இலை வாடைதான் வரும். பூ பறிச்சு தலைல வைக்கணும் சாமிக்குப் போடணும்னா பன்னீர் ரோஜாவ அடிச்சிக்க ஆளே இல்ல, எங்க கரிசல்லயே ஆள் உசரத்துக்கு நிக்கு, நோய் கெடையாது, ஒரு பூ இருந்தாலும் வீடு மணக்கும். வெளிநாட்டுச் செடிய வாங்கி ஏன் கஷ்டப்படணும்?

தாமிரபரணி72, பாளையங்கோட்டை:

கரிசல் தம்பி சொல்லுத பன்னீர் ரோஜா பத்தி எனக்கு ஒரு மாற்றுக்கருத்தும் இல்ல. ஆனா கோமதியம்மா கேட்டது மஞ்சள், கொத்துப்பூ, வாசம், சின்ன எடம். பன்னீர் ரோஜா நாலடி எடத்துல முள்ளும் கிளையுமா பரந்து வழிய அடைச்சிரும். ஃப்ளோரிபண்டால பல சாதி ரெண்டரை அடி மூணு அடியோட நின்னுக்கிடும், அதனாலதான் தொட்டிக்கும் சின்ன எடத்துக்கும் இத சொல்லுதது.

மஞ்சள்ல வாசம் வராதுங்கது தப்பு. எந்த மஞ்சள்னு பாத்து வாங்கணும், பேரு தெரியாம "மஞ்ச ரோஸ் ஒண்ணு குடுங்க"ன்னு வாங்குனா பூக்கடைக்குன்னு வளத்த சாதிதான் கைக்கு வரும், அதெல்லாம் காம்பு நீளத்துக்கும் நாளு தாங்குததுக்கும் உண்டாக்குனது, வாசத்த யாரும் கவனிக்கல. எனக்குத் தெரிஞ்சு நல்ல வாசம் உள்ள மஞ்ச கொத்து ரோஜா ரெண்டு. ஒண்ணு ஆர்தர் பெல், 1960கள்ல வட அயர்லாந்துல சாம் மெக்ரெடி உண்டாக்குனது, வாசம் தூக்கும், செடி நேரா மேல போகும், ஆனா பூ விரிய விரிய வெளுத்து கிரீம் கலருக்கு வந்துரும், குளுந்த ஊர்லயே அப்படித்தான், நம்ம ஊர்ல கேக்கவே வேண்டாம். இன்னொண்ணு ஃப்ரீசியா, ஜெர்மனில கோர்டஸ் நர்சரிக்காரங்க 1970கள்ல விட்டது, கோரீசியான்னும் சொல்லுவாவ, அமெரிக்கால சன்ஸ்ப்ரைட். வாசத்துக்காகவே குடுக்குத கேம்பிள் விருத 1979ல அது வாங்கிருக்கு. அதோட பெரிய குணம் என்னன்னா மஞ்ச நிறம் கடைசி வரைக்கும் அப்படியே நிக்கும், இதழ் உதிரும்போது கூட மஞ்சளாத்தான் உதிரும். உங்க எடத்துக்கு நான் சொல்லுதது ஃப்ரீசியாதான். ஜூலியா சைல்டுன்னு 2000க்குப் பொறவு அமெரிக்கால இருந்து வந்த ஒரு வெண்ணெய் மஞ்சளும் இருக்கு, செடி நல்ல திடம், வாசம் சோம்பு அதிமதுரம் சேந்த மாதிரி ஒரு தினுசு, எல்லாருக்கும் பிடிக்காது.

வாங்கும்போது பேர மட்டும் நம்பாதிய. பூவோட நிக்குத செடியா பாத்து, வெள்ளன எட்டு மணிக்குள்ள போயி, பாதி விரிஞ்ச பூவ ரெண்டு கையாலயும் பொத்தி வாயால லேசா சூடா ஊதி அப்புறம் மோந்து பாருங்க. முழுசா விரிஞ்ச பூவுல வாசம் போயிருக்கும், மொட்டுல இன்னும் வந்திருக்காது. மத்தியானம் போயி மோந்து பாத்துட்டு வாசமே இல்லன்னு எந்தச் செடியவும் ஒதுக்கக் கூடாது, வாச எண்ணெய் வெயிலுக்கு ஆவியாகிப் போயிருக்கும்.

பாட்டனி சார், பாளையங்கோட்டை:

தாமிரபரணி சொன்னதோட ஒரு விஷயம் சேக்கேன், ஏன்னா மஞ்ச ரோஜா ஏன் இவ்வளவு நோய்வாய்ப்படுதுன்னு வருசாவருசம் பிள்ளைங்க எங்கிட்ட கேக்கும்.

1900க்கு முன்னால ஐரோப்பா தோட்டத்துல நல்ல அடர் மஞ்சள்ல திரும்பத் திரும்பப் பூக்குத ரோஜாவே கெடையாது. பிரான்ஸ்ல லியோன் ஊர்ல பெர்னெ-டூஷேன்னு ஒருத்தர் பல வருசம் பாடுபட்டு, பாரசீக மஞ்ச ரோஜாவ மத்த ரோஜாவோட கலந்து 1900ல சோலை டோர்னு ஒண்ண வெளிய விட்டாரு. இன்னைக்கு நாம பாக்குத அடர் மஞ்சள், ஆரஞ்சு, செம்மஞ்சள் எல்லாத்துலயும் பெரும்பாலும் அந்த ரத்தம் ஓடுது. நிறம் கூட வந்தப்ப கரும்புள்ளி நோயும் கூட வந்துட்டு, அந்தப் பாரசீகச் செடிக்கு அது சுலபமா பிடிக்கும். அதனால மஞ்ச ரோஜா வைக்கவங்க இலைய மத்த ரோஜாவ விட கூடுதலா கவனிக்கணும், அது செடியோட பிறப்பு.

வெளுக்குதது பத்தி: மஞ்ச நிறம் கரோட்டினாய்டு, கேரட்டுல மாங்காப்பழத்துல இருக்குத அதே குடும்பம். வெயில் படப்பட அது சிதையும். சிதையும்போது உண்டாகுத பொருள்ல சிலது வாசப் பொருள், மஞ்ச ரோஜால தேயிலை மாதிரி பழம் மாதிரி ஒரு மணம் வருதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கோமதி, பெருமாள்புரம்:

சார் ரொம்ப நன்றி, அண்ணாச்சிக்கும் நன்றி. அப்ப ஃப்ரீசியா தேடுதேன். ஆனா எம்மனசுல இருக்க பயம் இலை கருகுனதுதான். திரும்பவும் அப்படி ஆயிட்டா? செடிக்குத் தண்ணி காணலையோன்னு நெனச்சு எங்க அத்தை ரெண்டு வேளையும் ஊத்துனாவ, கூட ஊத்த ஊத்த கூட கருகுச்சு. தொட்டி வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. ஆர்ஓ மிஷின்ல இருந்து வர கழிவுத் தண்ணியும் வீணாக்க வேண்டாம்னு அதுக்குத்தான் ஊத்துவோம்.

தாமிரபரணி72, பாளையங்கோட்டை:

அந்த வெள்ளைப் படிவு உப்பும்மா. விசயம் அங்கனதான் இருக்கு. நம்ம ஊர்ல ரோஜா சாகுதது பாதி வெயில்ல இல்ல, தண்ணில. தெருவுக்குத் தெரு போர் தண்ணி மாறும், ஒரு தெருல குடிக்கலாம், அடுத்த தெருல சோப்பு நுரைக்காது. தரைல நிக்குத செடிக்கு மழை வந்து உப்ப அடிச்சிட்டுப் போயிரும், தொட்டில போக எடமில்ல, அங்கனயே தங்கி வேரச் சுத்தி கூடிக்கிட்டே போகும். ஆர்ஓ கழிவுத் தண்ணி போர் தண்ணில இருந்த உப்ப இன்னும் குறுக்கி வெளிய தள்ளுதது, அத ரோஜாவுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தாதிய, வீடு துடைக்க வச்சிக்கிடுங்க.

தண்ணில கரைஞ்ச உப்ப அளக்குத டிடிஎஸ் மீட்டர் யாருட்டயாவது வாங்கி அளந்து பாருங்க. 500க்குக் கீழ இருந்தா கவலை வேண்டாம். 1000த்தத் தாண்டுனா அத மட்டும் ஊத்தி தொட்டில ரோஜா வளக்க முடியாது. கார்ப்பரேசன் குழாய்ல வர தாமிரபரணி தண்ணி இருக்கே, அதுக்கு மிஞ்சுன தண்ணி கெடையாது, ரோஜாவுக்குன்னு ஒரு குடம் தனியா பிடிச்சு வச்சிருங்க. ஒரு செடிக்கு, ரெண்டு செடிக்கு ஒரு குடம் தாராளம். அது வராத நாளு போர் தண்ணி ஊத்துனாலும், மாசத்துக்கு ஒருதடவை ஆத்துத் தண்ணிய தொட்டி கொள்ளுத அளவுக்கு ரெண்டு மடங்கு பைய பைய ஊத்தி அடி ஓட்டை வழியா வடிய விடுங்க, உப்பு கரைஞ்சு போயிரும். மழை பெய்யும்போது தொட்டிய திறந்த வெளில வச்சிட்டா அந்த வேலைய மழையே பாத்துக்கிடும்.

இன்னொண்ணும் கவனிங்க. புது இலை வெளிறி மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது தண்ணில சுண்ணாம்பு கூடுனதால இரும்பு சத்து ஏறாம நிக்குதது. நாட்டு மருந்துக் கடைல அன்னபேதி கெடைக்கும், லிட்டருக்கு 5 கிராம் கலந்து வடிகட்டி சாயங்காலம் இலைல தெளிங்க. உரம் பத்தலன்னு நெனச்சு யூரியா போட்டா இன்னும் உப்புதான் ஏறும்.

அடுத்தது வெயில். மே மாசம் நம்ம ஊர்ல 38, 39 டிகிரி, மாடித்தளம் அதுக்கு மேல கொதிக்கும். ரோஜாவுக்கு அஞ்சாறு மணி நேர வெயில் வேணும், ஆனா அது காலை வெயிலா இருக்கணும். உங்க மேக்கு பாத்த எடத்துல நேரடியா வைக்காதிய. கெழக்குப் பக்கம் சுவர் ஓரம் கெடைச்சா ஒசத்தி, இல்லன்னா பங்குனில இருந்து ஆவணி வரைக்கும் மேக்குப் பக்கம் மட்டும் பச்சை வலையோ தென்னங்கீத்தோ மறைச்சிக் கட்டுங்க, தலைக்கு மேல கட்ட வேண்டாம், காலை வெயில் வரட்டும். தொட்டி காருகுறிச்சி மண் தொட்டி 14 இஞ்சு, கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம், வேர் வெந்துரும். மண்ணு மேல தேங்கா நார் ரெண்டு இஞ்சுக்குப் பரப்பிட்டா பாதி சூடு குறையும்.

பணகுடி காத்தாடி:

அண்ணாச்சி வெயிலச் சொன்னிய, காத்தச் சொல்லலியே. எங்க பக்கம் ஆனி ஆடில கரண்டு எடுக்குத காத்தாலையச் சுத்துத காத்து அப்படியே மாடில அடிக்கும், காலைல ஊத்துன தண்ணி பத்து மணிக்கு இருக்காது, மொட்டு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி இதழ் ஓரம் பிரவுன் ஆயிரும். கொத்துப்பூவுக்கு இது ரொம்ப, ஏன்னா எல்லாம் நெருக்கமா நிக்கு. நான் செஞ்சது, மூணு தொட்டிய முக்கோணமா ஒட்டி வச்சு, மேக்கயும் தெக்கயும் பழைய பனை ஓலைப் பாய கம்பில கட்டிட்டேன். வலைய விட ஓலைதான் காத்த ஒடைக்குது. வள்ளியூர், நாங்குநேரி பக்கம் இருக்கவங்க மாடில வைக்காம கீழ சுவர் மறைவுல வைங்க.

சாரல்_தென்காசி:

எங்களுக்கு நேர் எதிர். ஜூன் ஜூலைல குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சதும் இங்கயும் சாரல் விழும், அப்ப பூக்குத மஞ்சளப் பாக்கணுமே, கோடைல பூத்த பூவும் இதுவும் ஒரே செடிதானான்னு கேப்பிய, அவ்ளோ அடர்த்தி, வாசம் கேட் தொறக்கும்போதே வரும். ஆனா அதே நேரத்துலதான் கரும்புள்ளி வந்து கீழ இருந்து இலையெல்லாம் மஞ்சளாகி கொட்டுது. பாட்டனி சார், மருந்து அடிச்சிட்டே இருக்க முடியல, குழந்தைங்க இருக்காவ. வேற வழி?

பாட்டனி சார், பாளையங்கோட்டை:

அந்தப் பூசண வித்து இலைக்குள்ள எறங்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமா இருக்கணும். அந்த ஈரத்த ஒடைச்சா நோய் பாதி ஒடைஞ்சிரும். சாயங்காலம் இலைல தண்ணி தெளிக்கத நிறுத்துங்க, காலைல வேர்ல மட்டும் ஊத்துங்க. ரெண்டு செடிக்கு நடுவுல காத்து போக எடம் விடுங்க, செடிக்கு நடுவுல குறுக்க வளருத குச்சிகள வெட்டிருங்க. மண்ணுல இருந்து முக்கால் அடிக்கு இருக்க இலைகள சீசனுக்கு முன்னாலயே உருவி எடுத்துருங்க, மழைத்துளி மண்ணுல பட்டு தெறிச்சுத்தான் முதல்ல கீழ இலைல ஏறும். கொட்டுன இலைய பொறுக்கி எரிங்க, எருக்குழில போடக் கூடாது. வீட்டுல சீசனுக்கு மட்டும் தொட்டிய சன்ஷேடுக்குக் கீழ நகத்திக்கிடுங்க, தொட்டில வைக்கதுல பெரிய லாபமே அதுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கம் திருநெல்வேலிக்காரங்களுக்கு: கோடைல உங்களுக்கு வரது கரும்புள்ளி இல்ல, சிலந்திப்பேன். இலைக்கு அடில பொடியா தூசி மாதிரி, மெல்லிசா வலை, இலை மங்கி செம்பு நிறமாகும். காஞ்ச வெயில்ல பெருகும். அதுக்கு வாரத்துல ரெண்டு நாளு வெள்ளன ஹோஸ் பைப்ப இலைக்கு அடில பீச்சுங்க, வெயில் வந்ததும் காஞ்சிரும். பொறவும் நிக்கலன்னா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம், சாயங்காலம் மட்டும். வெயில்ல அடிச்சா இலை பொரிஞ்சிரும்.

கரிசல்காட்டான், சங்கரன்கோவில்:

சரி, பன்னீர் ரோஜாவ விட்டுக்குடுக்க மாட்டேன், ஆனா இவ்வளவு படிச்சதுக்கப்புறம் ஒண்ணு வச்சுத்தான் பாக்கணும்னு தோணுது. எங்கிட்ட இருக்க கரிசல் மண்ண தொட்டில போடலாமா? கவாத்து எப்ப? எங்க ஊர்ல புரட்டாசில வெட்டுவாவ.

தாமிரபரணி72, பாளையங்கோட்டை:

கரிசல் தனியா வேண்டாம் தம்பி, தொட்டில தண்ணி குடிச்சு இறுகிரும், காஞ்சா வெடிச்சு வேர அத்துரும். செம்மண் ரெண்டு பங்கு, நல்லா மக்குன சாணி எரு ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, அதோட வேப்பம் புண்ணாக்கு ஒரு கை, எலும்புத்தூள் ஒரு கை. எரு கறுத்து உதிரியா இருக்கணும், சூடு இருந்தா ஒரு மாசம் ஈரம் காட்டிப் போட்டு வைங்க.

கவாத்து பத்தி நான் ஒத்துக்கிட மாட்டேன். புரட்டாசில வெட்டுனா ஐப்பசி மழை கொட்டும்போது இளந்துளிரு நிக்கும், பூஞ்சை நேரா அதுலதான் ஏறும், வெட்டுன எடம் நனைஞ்சு மேல இருந்து கீழ கறுத்துட்டே வரும். எங்க பக்கம் கார்த்திகை கடைசில மழை ஓயட்டும்னு காத்திருந்து மார்கழில வெட்டுதோம். வெட்டுனதுல இருந்து ஒண்ணரை மாசத்துல பூ வந்துரும், அந்தக் குளுமைல வர பூதான் வருசத்துலயே ஒசந்த பூ. வெட்டுன முனைல காப்பர் ஆக்ஸி குளோரைடுங்கற பூசண மருந்த குழைச்சுத் தடவிருங்க. ஃப்ளோரிபண்டாவ, காம்புக்கு ஒத்தப்பூ பூக்குத ஹைப்ரிட் டீ சாதி மாதிரி அடிக்கு ஒட்ட வெட்டக் கூடாது, மூணுல ஒரு பங்கு எடுத்தா போதும், குச்சி கூட இருந்தாத்தான் கொத்து கூட வரும்.

கரிசல்காட்டான், சங்கரன்கோவில்:

எங்க பக்கம் மழை அவ்வளவு கெடையாதுல்லா அண்ணாச்சி, அதான் புரட்டாசி ஒத்து வருது. மானாவாரி பூமி. உங்க ஆத்தங்கரைக்கு மார்கழி சரியா இருக்கலாம்.

தாமிரபரணி72, பாளையங்கோட்டை:

அது ஞாயம். மழைய வச்சுத்தான் கணக்கு, மாசத்த வச்சு இல்ல. 2023 டிசம்பர்ல வந்த வெள்ளத்த நெனச்சுப் பாருங்க, மார்கழி பொறந்த நேரத்துலதான் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. வானத்தப் பாத்துட்டு கத்தரிய எடுங்க.

கொத்துப்பூ வைக்கவங்க பலபேரு செய்யாத ஒண்ணச் சொல்லுதேன். கொத்து வரும்போது பாத்தா நட்ட நடுவுல ஒரு மொட்டு மத்தத விட தடியா, குட்டைக் காம்போட, முந்தியே தலை தூக்கும். அத விட்டா அது முதல்ல விரிஞ்சு, சுத்தி இருக்கது விரியும்போது இது வாடி நடுவுல காஞ்சு நிக்கும், கொத்தோட அழகே போச்சு. அது கடலைப் பருப்பு அளவு இருக்கும்போதே நகத்தால பக்கவாட்டுல சாச்சு கிள்ளிருங்க, பக்கத்து மொட்டோட காம்பு படாம. ஒரு வாரத்துல சுத்தி இருக்க ஏழெட்டு மொட்டும் ஒண்ணுபோல விரியும். கொத்து முழுசும் முடிஞ்ச பொறவு கொத்துக்குக் கீழ முதல்ல வர அஞ்சு இலைக் காம்புக்கு மேல வெட்டுங்க, காஞ்ச பூவ மட்டும் பிச்சிட்டு விட்டா அடுத்த கொத்து தாமசமாகும்.

கோமதி, பெருமாள்புரம்:

இது எனக்கு சுத்தமா தெரியாது அண்ணாச்சி. கடைசியா ரெண்டு சந்தேகம். கொரியர்ல வர செடி களிமண் உருண்டையோட வருதே, அப்படியே நட்டிரலாமா? அப்புறம் இப்ப சித்திரை, ஆர்டர் போடலாமா?

சாரல்_தென்காசி:

அந்த உருண்டைய அப்படியே நடாதிய மதினி. ஆந்திரா பக்கத்துல இருந்து வரதெல்லாம் இறுகுன களிமண், காஞ்சா கல்லு, சுத்தி இருக்க நல்ல மண்ணுக்கு தண்ணி போகும், உருண்டைக்குள்ள போகாது. வாளித் தண்ணில அரை மணி நேரம் ஊறப் போட்டு, வெளிப்பக்கம் கரையதக் கரைய விட்டு, வேரு பிய்யாம கையாலயே உதுத்து விடுங்க. நடும்போது ஒட்டு கட்டுன முடிச்சு மண்ணுக்கு ஒரு இஞ்சு மேல தெரியணும். அதுக்குக் கீழ இருந்து வர குருத்து மஞ்ச ரோஜா இல்ல, அடிச்செடி, வெட்டாம அடியோட பிடிச்சு கீழ இழுத்துப் பிச்சிருங்க.

தாமிரபரணி72, பாளையங்கோட்டை:

சித்திரை வைகாசில கொரியர்ல செடி வாங்காதிய, வண்டிக்குள்ளயே வெந்து வரும். இப்ப தொட்டி, மண்ணு, ஆத்துத்தண்ணி குடம் எல்லாம் தயார் பண்ணி வைங்க, மண்ணு நல்லா பழுக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழை கழிஞ்சதும் ஆர்டர் போடுங்க. ஃப்ரீசியா கெடைக்கலன்னா சொல்லுங்க, எங்கிட்ட இருக்க செடில இருந்து மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டித் தாரேன். வெறும் குச்சி ஊனுனா மஞ்ச சாதி லேசுல வேர் விடாது, அதனால அடிச்செடிக்கு எட்வர்ட் ரோஸ் குச்சி ரெண்டு மூணு இப்பவே ஊனி வளத்து வைங்க, பென்சில் கனத்துக்கு வந்தா போதும், அதுல கட்டிருவோம்.

கரிசல்காட்டான், சங்கரன்கோவில்:

எட்வர்ட் குச்சி எங்கிட்ட வேணும்ங்கிற அளவு இருக்கு அண்ணாச்சி. அடுத்த வாரம் பாளை வாரேன், ஈரச்சாக்குல கட்டி ஒரு கட்டு கொண்டு வாரேன், எனக்கும் ரெண்டு மொட்டு கட்டித் தாங்க.